சபா கமிட்டிக்கு வேலை செய்ய ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி வந்துட்டா உங்க பேப்பர்ல கச்சேரி விமர்சனம், யாருக்கு என்ன விருது, எந்த சபா கேன்டீன்ல என்ன டிபன்னு பக்கம் பக்கமா வருது, ஆசையா படிக்கிறோம். ஆனா அந்த கச்சேரியெல்லாம் நடக்கிறதுக்கு காரணமா ஒரு பைசா சம்பளம் வாங்காம கமிட்டில இருக்கிறவங்கள பத்தி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்ல. சென்னைல இருக்கிற பெரிய சபாக்கள விடுங்க, அங்க ஆபீஸ் இருக்கு, ஸ்டாஃப் இருக்கு. நான் சொல்றது டெல்டா பக்கம் மாசம் ஒரு கச்சேரி, வருஷத்துக்கு ஒரு ராமநவமி உற்சவம்னு விடாம நடத்திக்கிட்டு வர்ற சின்ன சின்ன சபாக்கள. நானும் அப்படி ஒரு சபாவோட கமிட்டில இருக்கேன், அதனாலதான் எழுதுறேன்.

கமிட்டி மெம்பர்னா இன்விடேஷன்ல பேர் வரும், மேடையில ஏறி வித்வானுக்கு பொன்னாடை போத்தலாம், முன் வரிசைல சீட்டு, அவ்வளவுதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நிஜத்துல ஹால் புக் பண்றதுலேர்ந்து மைக் செட்காரர புடிக்கிறது, போலீஸ் பர்மிஷன், பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கிறதால அதுக்குள்ள மங்களம் பாடி முடியுற மாதிரி ஆரம்பிக்க வைக்கிறது, வெளியூர்லேர்ந்து வர்ற பக்கவாத்தியக்காரங்களுக்கு ரூமு, சாப்பாடு, திரும்பிப் போக ரயில் டிக்கெட், விழா மலர் புத்தகத்துக்கு விளம்பரம் கேட்டு கடை கடையா ஏறி இறங்குறதுன்னு எல்லாமே இவங்க தலைலதான். இதுகூட கண்ணுக்கு தெரியிற வேலை, யாராவது வந்து ஒத்தாசை பண்ணிடுவாங்க. கண்ணுக்கு தெரியாத வேலை ஒண்ணு இருக்கு, பதிவு, கணக்கு, பேங்க்னு பேப்பர் வேலை, அதத்தான் யாரும் தொடுறதில்ல.

பக்கத்து ஊர் சபா ஒண்ணுல செயலாளர் திடீர்னு காலமாயிட்டாரு. ரொம்ப நல்ல மனுஷன், அந்த சபாவே அவராலதான் நின்னுச்சு. பேங்க்ல அவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்து போட்டாத்தான் பணம் எடுக்க முடியும். புது செயலாளர தேர்ந்தெடுத்து தீர்மானத்த எடுத்துக்கிட்டு போனா, பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச கமிட்டி லிஸ்ட்ட கொண்டாங்கன்னு பேங்க்ல கேட்டாங்க, அங்க போய் பார்த்தா கமிட்டி ஆட்கள் மாறினா கொடுக்க வேண்டிய ஃபாரம் 7 வருஷக்கணக்கா தாக்கல் பண்ணவே இல்ல, லிஸ்ட்ல இருந்தவங்கள்ல பல பேர் உயிரோடயே இல்ல. இன்கம் டாக்ஸ் போர்ட்டலுக்குள்ள போகலாம்னா ஓடிபி இறந்து போனவரோட செல்லுக்கு போகுது, அந்த நம்பர வீட்ல ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டாங்க. பணம் பேங்க்ல கிடக்கு, வித்வானுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியல. அந்த வருஷம் உற்சவமே நடக்கல. இத யார் மேலயும் பழி போட சொல்லல, ஒரே ஆள் தோள்ல எல்லாத்தையும் வெச்சா எந்த சபாவுக்கும் இதே கதிதான்.

இந்த மாதிரி சபாக்கள் பதிவாகியிருக்கிற தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல வந்தது. கமிட்டியோட பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்க ஆடிட் பண்ணி பதிவாளருக்கு கொடுக்கணும்னு எல்லாம் அதுலயே இருக்கு. அதே ஆட்கள திரும்ப தேர்ந்தெடுக்க தடை இல்ல, அதனால பல இடத்துல பத்து பேர் உக்காந்து "போன தடவை மாதிரியே"ன்னு சொல்லி அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு காபி குடிச்சிட்டு கிளம்பிடுறாங்க. இது தப்புன்னு நான் பகிரங்கமாவே சொல்றேன். வருமான வரில சபா வருமானத்துக்கு விலக்கு தர்ற 12ஏ, நன்கொடைக்கு சலுகை தர்ற 80ஜி பதிவெல்லாம் முன்னாடி ஒரு தடவை வாங்கினா போதும்னு இருந்துச்சு, 2021லேர்ந்து அதுக்கும் காலக்கெடு வந்துடுச்சு, புதுப்பிக்காம விட்டா நன்கொடை கொடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை போயிடும். ஆன்லைன்ல செய்யிற வேலை இது. எழுபத்தஞ்சு வயசு பெரியவர் ஒருத்தர் தனியா உக்காந்து இத பண்ணணும்னு எதிர்பார்க்கிறது நியாயமே இல்ல.

இளவட்டப் பிள்ளைங்க வர்றதில்லன்னு புலம்புறோம். வர்றாங்க சார். கச்சேரி அன்னிக்கு வீடியோ எடுக்க, தொகுத்து வழங்க, நாற்காலி போட எல்லாத்துக்கும் வர்றாங்க. ஆனா கமிட்டில ஒரு இடம் கொடுத்து, கணக்கு நீ பாரு, இந்த வருஷம் யார கூப்பிடலாம்னு நீ சொல்லுன்னு எத்தன சபால விட்டிருக்கோம்? வேலை மட்டும் கொடுத்து முடிவெடுக்கிற உரிமைய கொடுக்காம இருந்தா ரெண்டு வருஷத்துல அவங்களும் போயிடுவாங்க.

பொம்பளைங்க விஷயம் இன்னும் மனச உறுத்துது. திருவையாறுல தியாகராஜர் சமாதி இன்னிக்கு இருக்கிற மாதிரி இருக்கிறதுக்கு பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாதான் காரணம், அந்த நிலத்த வாங்கி 1920கள்ல தன் கைக்காசுல கோயில் கட்டினாங்க. அப்போ தியாகராஜருக்கு வருஷா வருஷம் ஆராதனை நடத்திக்கிட்டிருந்த ரெண்டு கோஷ்டியும் பொம்பளைங்கள அங்க பாட விடல. அந்தம்மா விடாம போராடி, பெண்கள சேர்த்துக்கிட்டு தனியாவே ஆராதனை நடத்திக் காட்டினாங்க, அப்புறம்தான் எல்லாரும் ஒண்ணா சேர்ந்தாங்க. அந்த மண்ணுல இருக்கிற சபாக்கள்லயே இன்னிக்கும் கமிட்டி லிஸ்ட்ட எடுத்து பாருங்க, பாதி இடத்துல பெண் பேர் இருக்காது, இருந்தாலும் குத்துவிளக்கு ஏத்துறதுக்கும் வரவேற்புக்கும்தான். கச்சேரிக்கு வர்ற ரசிகர்கள்ல பாதிக்கு மேல அவங்கதானே!

இன்னொண்ணும் சொல்லிடுறேன், கமிட்டில இருக்கிறவங்க தன் பொண்ணுக்கோ தன் சிஷ்யைக்கோ சான்ஸ் கேக்குறப்ப அந்த முடிவு எடுக்கிற நேரத்துல வெளிய போய் உக்காரணும், அத மினிட்ஸ் புக்ல எழுதணும். பெரிய தொகை கொடுத்தவங்கள புரவலர்னு போட்டு நன்றி சொல்லுங்க, கூட்டத்துக்கே வர முடியாதவங்கள கமிட்டில போடாதீங்க. பேங்க்ல மூணு பேர் கையெழுத்து பதிஞ்சு அதுல எந்த ரெண்டு பேர் வேணா போடலாம்னு வெச்சுக்கோங்க, சபா பேர்ல தனியா ஒரு செல் நம்பர் வாங்குங்க, பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்காவது தெரியட்டும். எங்க சபால இத ஆரம்பிச்சிட்டோம், மூத்தவங்க மனசார ஒத்துக்கிட்டாங்க.

உங்க பேப்பருக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய நிகழ்ச்சிகள்னு தினம் போடுறீங்களே, அதுல உள்ளூர் சபாக்களோட பொதுக்குழு தேதி, நேரம், இடத்தையும் போடுங்க. நாங்க அனுப்பி வைக்கிறோம், கட்டணம் இருந்தாலும் கட்டுறோம். சந்தா கட்டின மெம்பர்களுக்கே பல பேருக்கு கூட்டம் எப்பன்னு தெரியறதில்ல.

இப்படிக்கு,
சபா கமிட்டி உறுப்பினர்,
தஞ்சாவூர் மாவட்டம்.