ஈவுத்தொகையைக் காட்ட மறந்தவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

வருமான வரிக் கணக்கில் பங்கு ஈவுத்தொகையை (டிவிடெண்ட்) காட்ட மறந்தவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கெடுவுக்குள் 139(5) பிரிவில் திருத்திய கணக்கு தாக்கல் செய்யலாம்; முதல் கணக்கின் ஒப்புகை எண்ணும் தேதியும் தேவை. பலர் சறுக்குவது தொகையில்தான். ரூ.12,000 ஈவுத்தொகையில் 10% வரிப் பிடித்தம் போக வங்கிக்கு வருவது ரூ.10,800. வருமானமாகக் காட்ட வேண்டியதோ முழு ரூ.12,000, பிடித்த ரூ.1,200-ஐ வரியில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரித் துறை தளத்தில் உங்கள் வருமான விவரங்களைத் தொகுத்துக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையோடு ஒப்பிட்டால் சில்லறைத் தொகைகளும் விடுபடாது. கிடைத்த தேதிப்படி காலாண்டு வாரியாகப் பிரித்துப் போடுங்கள். மொத்தத்தையும் முதல் காலாண்டுக்கான கட்டத்தில் போட்டால், முன்கூட்டி வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) தவணை குறைந்ததற்கான 234சி வட்டி வீணாக ஏறக்கூடும். மீதி வரியைக் கட்டி, கணக்கைத் தாக்கல் செய்த 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பையும் (இ-வெரிஃபை) முடியுங்கள். அது இல்லாமல் திருத்தம் செல்லாது. கெடு கடந்தால் 139(8ஏ) பிரிவின் புதுப்பித்த கணக்குதான் வழி; அதற்கான கூடுதல் வரியே, கட்ட வேண்டிய வரி, வட்டியில் 25%-லிருந்து தொடங்கும்.

– வரி ஆலோசகர், திருச்சி