‘தோல்வி’ என்று போட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ‘கனமான நியூட்ரினோ சிக்கவில்லை: மோதுவி ஆய்வு தோல்வி’ என்ற தலைப்பைப் பார்த்தேன். கட்டுரையில் குறை இல்லை. நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத நுண்துகளின் நிறை ஏன் இத்தனை சிறியது, ஒரு பக்கம் கனக்கக் கனக்க மறுபக்கம் லேசாகும் அந்த சீசா கணக்கு, எல்லாம் சரியாகவே இருக்கிறது. தலைப்பில் இருக்கும் அந்த ஒரு சொல்தான் மனதை அறுக்கிறது.

அந்தத் தேடலில் மூன்று வருடம் இருந்தவள் நான். துகள்களை மோதவிடும் மோதுவியில், புரோட்டான்கள் மோதும் இடத்தில் ஒரு மியூவானோடு (எலக்ட்ரானின் கனமான உறவு) பிறந்து, தடம் எதுவும் விடாமல் சில சென்டிமீட்டர் போய், அப்புறம் சிதைகிற கனமான நியூட்ரினோவைத் தேடினோம். நடுவெளியில் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு தடங்கள் கிளம்பியிருக்க வேண்டும். சரிபார்ப்புக்கு என்று ஒதுக்கிய தரவில் ஒரு நாள் இரவு அப்படியொரு புள்ளி வந்தது. தூக்கம் போயிற்று. காலையில் உணர்கருவியின் வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தால், புள்ளி ஒரு சிலிக்கான் அடுக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஏதோ சாதாரணத் துகள் அதில் முட்டிச் சிதறியிருக்கிறது. இந்த மாதிரி வேஷங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் எத்தனை வரும் என்று கணக்கு முடித்த பிறகுதான் தரவின் முக்கியமான பகுதியைத் திறந்தோம். கணக்கில் வந்த அளவுதான் இருந்தது. யாரும் தலையில் கை வைக்கவில்லை. எந்த நிறையில், சாதாரண நியூட்ரினோவோடு எவ்வளவு கலப்புக்கு மேல் இது இருக்க முடியாது என்று கோடு போட்டோம்.

அந்தக் கோட்டின் மதிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. 2000இல் மூடிய செர்ன் ஆய்வகத்தின் லெப் மோதுவி, 114 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) வரை ஹிக்ஸ் துகள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. 2012இல் அது கிடைத்தது 125இல். லெப் தோற்றதாகவா எழுதுவீர்கள்? அந்த ஹிக்ஸையும் நீங்கள் ‘கடவுள் துகள்’ என்றே எழுதினீர்கள். வேண்டாம் என்று அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதற்கு முந்தின வருடம் நியூட்ரினோ ஒளியை முந்தியதாக வந்த செய்திக்கு அட்டையையே கொடுத்தீர்கள். சரியாகச் செருகாத ஒரு ஒளியிழை கேபிள்தான் காரணம் என்று தெரிந்தபோது கடைசிப் பக்கத்தில் நான்கு வரி. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இந்த முறை முடியவில்லை. என்னோடு வேலை செய்த மாணவியின் ஆய்வேடு முழுவதும் அந்தக் கோடுதான். தலைப்பைப் படித்துவிட்டு, “அப்போ நான் செய்தது வீணா?” என்று கேட்டாள். 1930இல் இயற்பியலாளர் பௌலி கணித்துச் சொன்ன நியூட்ரினோ 1956இல்தான் பிடிபட்டது என்று சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை.

இணையப் பதிப்பில் ‘தோல்வி’ என்பதை எடுத்துவிட்டு, ‘இதுவரை காணவில்லை’ என்று மாற்றுங்கள். எந்த நிறை வரம்பில் தேடினார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி