பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது தேவலை. சுந்தரி அத்தை வீட்டுப் பால்காய்ப்பு ஆவணிக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆடி பிறந்தும் மதுரையில் வெயில் குறையவில்லை.

ஆகஸ்டில் டோக்கியோவில் நடக்கிற காமிக்கெட்டில், அதுதான் அவரவர் போட்ட காமிக்ஸ் புத்தகத்தை அவரவரே விற்கிற விழாவில், உனக்கு மேஜை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னாய். சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தேன். சந்தோஷம்தான், இல்லை என்று யார் சொன்னது? குலுக்கலில் பேர் விழாமல் போகிறவர்கள் எத்தனையோ பேர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அம்மாதான் பாண்டி கோயிலுக்குப் போய் ஏதோ வேண்டிக்கொண்டு வந்தாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

நான் எழுத உட்கார்ந்தது தண்ணீர் விஷயத்துக்கு. போன கோடையில் ஒரு வார்த்தை சொன்னாய். மேஜையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, எழுந்து போனால் வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று. சிரித்துக்கொண்டே சொன்னாய், அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிப்போவில் பெண் கண்டக்டர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவன் நான். பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் லட்சணத்துக்குப் பயந்து டூட்டி முடிகிறவரை வாயை நனைக்காமலே இருப்பார்கள். பிறகு கல்லு, எரிச்சல், ஸ்கேன் என்று அலைவார்கள். எனக்குக் கல்லு வந்த ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றதை நீ பார்த்திருக்கிறாய். வாழைத்தண்டுச் சாறு நாறின வீட்டில் வளர்ந்த பிள்ளை இப்படிச் செய்யலாமா?

ஆகஸ்டில் டோக்கியோ புழுக்கம் நம் ஊர் சித்திரைக்குக் குறைந்தது இல்லையாமே. அந்த பிக் சைட் மண்டபத்துக்குள்ளே ஒரு கோடையில் ஜனங்களின் வேர்வை ஆவியாகி மேலே போய் மேகமாகவே கட்டி நின்றது என்று நீதானே சொன்னாய்? டீக்கடையில் சொன்னேன், ஒருத்தனும் நம்பவில்லை. அந்த மேகத்துக்குக் கீழே தண்ணீர் குடிக்காமல் உட்காருகிறாள் என் மகள் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனால் என்ன? அங்கே கடைக்காரர், வாங்க வந்தவர் என்ற பிரிவே கிடையாது, எல்லாரும் சேர்ந்து நடத்துகிற விழா என்று பெருமையாகச் சொல்கிறாய் அல்லவா? அப்படியானால் வாய் திறந்து கேள். வெறும் தண்ணீராகக் குடிக்காதே, உப்பும் சேர வேண்டும். அவர்கள் உப்பு மிட்டாய் வைத்துக்கொள்கிறார்களாம். உன்னிடம் அம்மா போட்ட நார்த்தங்காய் இன்னும் இருக்குமே, இரண்டு துண்டு டப்பாவில் எடுத்துப் போ.

முதல் நாள் ராத்திரி தூங்கு. கடையில் இருக்கிற ஜெராக்ஸ் மெஷினில் விடியவிடியப் பக்கம் அடித்து, வீட்டுக்கு வந்து ஸ்டேப்ளர் அடித்து, அப்படியே முதல் ரயிலைப் பிடிக்கிற பழக்கத்தை விட்டுவிடு. எல்லாரும் அப்படித்தான்பா என்கிறாய். எல்லாருக்கும் உன் ரத்த அளவா? ராத்திரியே போய் வரிசையில் படுக்கக் கூடாது என்று அவர்களே தடை போட்டிருக்கிறார்களே, அது நல்ல சட்டம். கதைப் பாத்திரங்கள் மாதிரி வேஷம் கட்டுகிறவர்களும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரக் கூடாது, அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும் என்பதும் நல்ல சட்டம். உள்ளே ஓடக் கூடாது என்பது எல்லாவற்றிலும் நல்லது. இங்கே 2022இல் அழகர் ஆற்றில் இறங்குகிறபோது நெரிசலில் இரண்டு உயிர் போனதை நீ மறந்திருக்க மாட்டாய்.

சில்லறை விஷயத்தில் உனக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை. புத்தகத்துக்கு 500 யென் என்று ஒரே நாணயத்தில் முடிகிற மாதிரி விலை வைத்தது கெட்டிக்காரத்தனம். வருகிறவர்களும் சில்லறையை மாற்றி எடுத்துக்கொண்டே வருகிறார்கள் என்று கேட்டபோது, இந்த ஜனங்களை நம் 'சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்கவும்' போர்டுக்குக் கீழே ஒரு நாள் ஏற்றிப் பார்க்க ஆசையாக இருந்தது. பெரிய நோட்டு யாராவது கொடுத்தால் உடனே பைக்குள் போட்டுவிடாதே. நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொள், பாக்கி கொடுத்து அவர் எண்ணி முடித்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் பத்தாயிரம் கொடுத்தேன், ஐந்தாயிரம் கொடுத்தேன் என்று சண்டை வரும். அங்கே வராது என்பாய். வராவிட்டாலும் விரலிடுக்கிலேயே வை.

டிசம்பர் விழாவில் எடுத்த உன் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். புத்தக அட்டையில் டவுன் பஸ். படிக்கட்டில் கண்டக்டர், வாயில் விசில். உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்கு ஒன்றும் விளங்காது, ஜப்பான்காரன் காசு கொடுத்து வாங்குகிறான் என்றால் ஏதோ இருக்கத்தான் செய்யும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் என்றே அங்கே தனி வரிசையில் மேஜை போடுகிறார்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அந்த விழா 1975இல் புத்தகம் போடுகிற 32 குழு, 700 பேர் என்று ஆரம்பித்தது, 2019 டிசம்பரில் நாலு நாளில் 7.5 லட்சம் பேர் வந்து போனார்கள் என்றும் சொன்னேன். பொம்மைப் புத்தகம் விற்கவா இன்ஜினியரிங் படிக்க வைத்தாய் என்று கேட்டார். உங்கப்பா கருப்பசாமி உடுப்பு மாட்டித் திரியெடுத்து ஆடினாரே, அவர் என்ன வேலைவெட்டி இல்லாமலா ஆடினார் என்று திருப்பிக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். ஆனால் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது. தோல்பையை ஒரு தோளில் தொங்கவிட்டிருக்கிறாய். நம் ஊரில் எந்தக் கண்டக்டரும் கூட்டத்தில் அப்படி விடமாட்டான், கக்கத்தில் இடுக்கியிருப்பான். இத்தனை வருஷம் பார்த்தும் இதைக் கவனிக்கவில்லையே நீ.

இன்னொன்று. ஒரு மேஜையைப் பாதியாகப் பிரித்து ஆளுக்குப் பாதி, பாதிக்கு இரண்டு நாற்காலி கொடுப்பார்கள் என்றாய். போட்டோவில் உன் பக்கத்து நாற்காலியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு மடித்து வைத்திருந்தது. உன்னுடையது இல்லை, உன்னுடையதை நீ போட்டிருந்தாய். அம்மா பார்க்கவில்லை, நான் காட்டவும் இல்லை. அது யாருடையது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீ எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வருகிறவரை மேஜையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் எனக்கு நிம்மதி, அவ்வளவுதான். இருக்கிற ஆளை வைத்துக்கொண்டே நீ தண்ணீர் குடிக்காமல் இருந்தாயானால் அது வேறு விஷயம்.

வெளியே வந்ததும் ஏதாவது சூடாகச் சாப்பிடு. அந்தச் சோற்று உருண்டை ஒன்றோடு ராத்திரிவரை இழுக்காதே. வாங்கின புத்தகங்களை முதுகில் சுமக்காமல் அங்கேயே பார்சல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடு.

உங்கள் கம்பெனி சேர்ந்தாற்போல் லீவு விடுவது ஆகஸ்டில் வருகிற ஓபோன் பண்டிகைக்கும் வருஷக் கடைசிக்கும்தான். விழா நடப்பதும் அதே இரண்டு சமயத்தில்தான். டூட்டி சார்ட்டைப் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு இது புரியாமல் இல்லை. ஒரே வண்டியை ஒரே நேரத்தில் இரண்டு ரூட்டில் விட முடியாது. அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் காலண்டரில் எதையோ வட்டம் போட்டு வைக்கிறாள், பிறகு அவளே அடித்து விடுகிறாள். எனக்குக் கண் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்கள். அவசரமில்லை, தை மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். யாரும் வர வேண்டிய பெரிய ஆபரேஷன் இல்லை, ஒரு பகலில் முடிந்துவிடும்.

டிசம்பர் விழாவுக்கு மேஜை கேட்கிற விண்ணப்பத்தை ஆகஸ்டிலேயே அங்கே விற்பார்களாமே. அதை வாங்கினாயா இல்லையா என்று ஒரு வரி எழுது. தண்ணீர் குடித்ததையும் எழுது.

இப்படிக்கு,
அப்பா