புரோட்டியேஸ் தூளில் குளுக்கனேஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்: ஆய்வகப் பொறுப்பாளர், நொதித்தல் பிரிவு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை

ஐயா,

உங்களிடம் வாங்கிய ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையின் புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தூளின் டப்பாவில் "பாலிசாக்கரைடு சுத்திகரிப்புக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஏற்றதல்ல. புரதத்தோடு, நாங்கள் காப்பாற்ற வேண்டிய பாலிசாக்கரைடும் (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) சிதைகிறது. போதாக்குறைக்கு, மாதிரியில் இல்லாத சர்க்கரை தூளிலிருந்து வந்து சேருகிறது.

நாங்கள் பிரித்தெடுப்பது ஸ்க்ளீரோஷியம் ரோல்ஃப்சி பூஞ்சையின் ஸ்க்ளீரோகுளுக்கான் என்ற பாலிசாக்கரைடு. கரைப்பான் கொண்டு புரதத்தை நீக்கும் செவாக் முறைக்கு எடுத்த எடுப்பில் போக முடியாது. 4:1 குளோரோஃபார்ம்-பியூட்டனால் கலவையைச் சேர்த்துக் குலுக்கினால், கொழகொழப்பான கரைசல் பால்மமாகிவிடும். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினாலும் சரியாகப் பிரியாது, இடையில் படியும் வெள்ளைப் புரதத்தோடு குளுக்கானும் போய்விடும். அதனால்தான் முதலில் நொதி.

லிட்டருக்கு 2 கிராம் குளுக்கான் உள்ள கரைசலில் 0.5 கிராம் தூள், பிஎச் 7, 45 டிகிரி செல்சியஸ், 3 மணி நேரம். பிறகு 15 நிமிடம் கொதிநீரில் வைத்து நொதியைச் செயலிழக்கச் செய்து, செவாக் இரண்டு முறை, சிறு மூலக்கூறுகளை வெளியேற்ற 12–14 கிலோடால்டன் சவ்வுப் பையில் டயாலிசிஸ், குளுக்கானைப் படியவைக்க மூன்று மடங்கு எத்தனால். நொதி சேர்க்கும் முதல் கட்டத்திலேயே கரைசல் பாகுத்தன்மை இழந்து நீர்த்துப்போகிறது.

பூஞ்சையின் சொந்த நொதி மிஞ்சியிருக்கும், உங்கள் தூளை இன்னும் கூட்டிப் போடுங்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவு பதில் எழுதியது. புரதமே இல்லாத, சுத்திகரித்த ஸ்க்ளீரோகுளுக்கானில் போட்டாலும் இதே கதைதான். தூளை முன்கூட்டியே கொதிக்கவைத்துப் போட்டால் பாகுத்தன்மை குறையவில்லை. லாமினாரினோடு (இன்னொரு பீட்டா-1,3-குளுக்கான்) வைத்து, சங்கிலி உடைவதைக் காட்டும் டிஎன்எஸ் நிறச் சோதனை செய்தால் 540 நானோமீட்டரில் ஒடுக்கும் சர்க்கரை ஏறுகிறது. தூளில் கலந்துள்ள நிரப்புபொருள் (கீழே சொல்கிறேன்) குழப்பாமலிருக்கத் தூளை டயாலிசிஸ் செய்துவிட்டு, நொதி மட்டும் உள்ள குழாயின் அளவையும் கழித்தோம். இது குளுக்கானை வெட்டும் பீட்டா-1,3-குளுக்கனேஸ் நொதி, பூஞ்சைப் புரோட்டியேஸில் இது கூடவே வருவது உங்களுக்குத் தெரியாத விஷயமா? கூட்டிப் போட்டால் சிதைவுதான் கூடும்.

இரண்டாவது குறை இன்னும் மோசம். வெறும் தூளைக் கரைத்து, மொத்தச் சர்க்கரையை அளக்கும் ஃபீனால்-கந்தக அமிலச் சோதனை வைத்தால் 490 நானோமீட்டரில் நிறம் கெட்டியாக வருகிறது. கேட்ட பிறகுதான் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சை உடைத்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்) நிரப்பியதை ஒப்புக்கொண்டீர்கள். சிறிய துண்டுகள் டயாலிசிஸில் வெளியேறும். நீண்ட சங்கிலிகள் பையிலேயே நின்று எத்தனாலில் குளுக்கானோடு படியும். 280 நானோமீட்டரில் புரதம் குறைந்திருக்கும், மொத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும். பார்ப்பவர் நல்ல விளைச்சல் என்றே நினைப்பார். பேக்கரி மாவுக்கு இந்தத் தூள் போதும், எங்கள் வேலைக்கு ஆகாது.

எனவே முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். டப்பாவிலுள்ள அந்த வாசகத்தை நீக்க வேண்டும். பகுப்பாய்வுச் சான்றிதழில் புரோட்டியேஸ் அலகு மட்டும் இருந்தால் போதாது: பீட்டா-குளுக்கனேஸ், அமைலேஸ், செல்லுலேஸ் செயல்திறனும், நிரப்புபொருளின் பெயரும் சதவீதமும் பேட்ச்வாரியாக வர வேண்டும். மாற்றுப் பொருள் அனுப்புவதானால் நிரப்புபொருள் இல்லாத புரோட்டினேஸ் கே என்ற வேறு புரோட்டியேஸை அனுப்புங்கள். லாமினாரின் சோதனை முடிவைப் பார்த்த பிறகே பெற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்

இணைப்பு: ரசீது நகல், பேட்ச் எண் தெரியும் டப்பாவின் படம், பாகுத்தன்மை மற்றும் நிறமானி அளவீடுகள், மீதமுள்ள தூள்.