நெல்லி மரத்துக்குப் பொறுப்பாளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வன மகசூல், அதாவது நெல்லி, தேன் போல மரத்தை வெட்டாமல் காட்டில் சேகரிக்கும் பொருள்கள் பற்றிய செய்திகளில் கொள்முதல் விலைதான் பெரிதாகப் பேசப்படுகிறது. விலை முக்கியம்தான். ஆனால் காயை எப்படிப் பறிக்கிறோம், அந்த மரத்துக்கு யார் பொறுப்பு என்பதைப் பொறுத்தே அடுத்த பருவத்தில் விற்கக் காய் இருக்கும்.

சத்தியமங்கலம், தாளவாடி மலைகளில் உள்ள சோளகர், ஊராளி பழங்குடி ஊர்களுக்கு நெல்லிப் பருவம் கையில் காசு புழங்கும் காலம். வியாபாரி முன்பணம் கொடுத்து நாளும் குறித்துவிட்டால் கிளையை வெட்டிக் கீழே போட்டுக் காயை உருவுவதுதான் வேகமான வழி. வெட்டுப்பட்ட மரம் தேறச் சில ஆண்டுகள் ஆகும். கொக்கி கட்டிய மூங்கில் கழியால் கிளையை வளைத்துக் கையால் பறிக்க வேண்டும். அடியில் தார்ப்பாய் விரித்தால் காய் அடிபடாது. அடிபட்ட காய் சீக்கிரம் பழுப்பேறி விலை இறங்கிவிடும். எட்டாத உச்சிக் காயை விட்டுவிடலாம், அது வீணாவதில்லை. உதிர்ந்த காயைப் புள்ளிமானும் கடமானும் தின்று, அசைபோடும்போது கொட்டையைத் துப்புகின்றன. காட்டில் புது நெல்லி முளைப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

நெல்லியில் வெட்ட வேண்டியது, கிளையில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வளரும் புல்லுருவியைத்தான். சிறகு போன்ற நெல்லி இலைகளுக்கு நடுவே தடித்த அகன்ற இலைக் கொத்து தெரிந்தால் அதுவே புல்லுருவி. இலையை மட்டும் பிடுங்கினால் கிளைக்குள் இறங்கிய வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். ஒட்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே, அது பழுப்பதற்கு முன்பே கிளையோடு நறுக்க வேண்டும். பழுத்துவிட்டால் குருவிகள் பிசுபிசுத்த விதையை அடுத்த மரத்தில் தேய்த்துவிட்டுப் போகும்.

காட்டில் அடர்ந்து பரவும் களையான உண்ணிச்செடிப் புதரையும் அரிவாளால் வெட்டிப் பயனில்லை, இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்கு இரண்டு விரல் கீழே வேரைக் கொத்தி எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும்.

மலைத்தேனிலும் இதே அவசரம்தான் கெடுக்கிறது. முழு அடையையும் பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து தேன் புளித்துவிடும். புழு அடையை மரத்திலேயே விட்டு, மெழுகு மூடிய தேன் பகுதியை மட்டும் அறுத்துத் துணியில் தானாக வடிய விட வேண்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மழையை ஒட்டி எடுத்த காட்டுத் தேன் எளிதில் தாண்டிவிடும். வியாபாரி விலையைக் குறைக்க அது ஒன்று போதும்.

இதெல்லாம் மலைமக்களுக்குத் தெரியாததல்ல. நாம் விட்டுவைத்தால் அடுத்தவர் வந்து வெட்டிப் போவார் என்ற நிலையில் எவரும் பொறுமை காக்க முடியாது என்பதே சிக்கல். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலின் உடைமையை மக்களுக்கே தருகிறது. காட்டைக் காத்து நிர்வகிக்கும் சமூக வன வள உரிமையும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணையால் உரிமைப் பட்டயம் வழங்குவது 2016 வரை தடைபட்டிருந்தது. அந்தத் தடை நீங்கிய பிறகும் தனிநபர் பட்டாவுக்குக் காட்டும் அக்கறை சமூக உரிமைக்குக் காட்டப்படவில்லை.

இந்தச் சமூக உரிமைக் கோரிக்கைகள் பெரும்பாலும் தடுக்குவது கிராம சபையில்தான். விதிப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் மலையூர்களை ஊராட்சித் தலைமையிடத்துக்கு அழைத்தால் அந்த எண்ணிக்கை எப்படிச் சேரும்? முதியோரின் எழுதிய வாக்குமூலமும் சான்றாகும் என்று விதி சொல்லியும், ஆவணம் இல்லை என்று மனுவைத் திருப்பி அனுப்புவது தவறு.

அடுத்த நெல்லிப் பருவத்துக்கு முன் மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு மலையூரிலும், வேலைக்குப் போனவர்கள் திரும்பும் மாலை நேரத்தில் கிராம சபையைக் கூட்ட வேண்டும். சமூக வன வள உரிமைக்கான படிவத்தை அங்கேயே நிரப்பி, ஒப்புகைச் சீட்டும் தர வேண்டும்.

வாசகர்,
தாளவாடி, ஈரோடு மாவட்டம்.