பாப்பாவுக்கு, அந்த இரண்டு நட்சத்திரம் பற்றி

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறாள். காரில் ஏறு என்றால் எனக்குத்தான் திட்டு. நீ கேட்ட எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் தயார். முறுக்கு உடையாமல் சரவாக் வந்து சேர்வது அஞ்சல்காரர் கையில் இருக்கிறது.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நீ அனுப்பிய நீளமான செய்தியை வியாழக்கிழமை செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் வைத்துப் படித்தேன். எனக்கு முன்னால் பதினேழு லாரிகள். நான்கு நாள் மழைக்குப் பிறகு எல்லாத் தோட்டத்துச் செம்பனைக் குலையும் ஒரே நாளில் வந்து குவிந்தால் அப்படித்தான் ஆகும். எடை போட்டு, கொட்டிவிட்டு, காலி லாரியை மறுபடி எடை போட்டு வெளியே வருவதற்குள் மதியச் சோறு மாலைச் சோறாகிவிடும். பரீட்சை முடிந்த பத்து நாளில் ஒன்பது படம் பார்த்திருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, கூடவே ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம். பேய்ப் படத்துக்கு "பேய்க்கே தூக்கம் வந்திருக்கும்" என்று எழுதியிருந்தாயே, அதைப் பக்கத்து லாரிக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஜன்னலைத் தட்டிச் சிரித்தார்.

குரல் பதிவில் பதில் சொல்லலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்து அழித்துவிட்டேன். லாரியில் கூட ஓர் ஆள் இருக்கிறான். அவன் முன்னால் பேசக்கூடிய விஷயமாகவும் அது இல்லை. அதனால்தான் தாள். எழுத்துப் பிழை இருந்தால் நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்.

முதலில் கபாலி. "இந்த வெயிலில் யாராவது கோட்டுப் போடுவார்களா? கடைசியில் சுடப்பட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை" என்று எழுதி மூன்று கொடுத்திருக்கிறாய். கோட்டு ஏன் என்பதற்கு அவரே படத்தில் காரணம் சொல்கிறார். நீ அந்த நேரத்தில் மெகி கிளறிக்கொண்டிருந்திருப்பாய். ஆனால் முடிவு விஷயத்தில் எனக்குத்தான் ஆச்சரியம். உன் கைப்பேசியில் வந்தது இந்தியாவில் ஓடிய பதிப்பு. திரை இருண்டு, துப்பாக்கிச் சத்தம் கேட்டு, அதோடு முடிந்துவிடும். 2016 ஜூலையில் நானும் அம்மாவும் ஈப்போவில் பார்த்த படத்தின் கடைசியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்து வந்தது. மலேசியாவுக்கு மட்டும் அப்படி ஒரு முடிவு. எனக்குப் பின்னால் இருந்த பெரியவர், "எப்போதய்யா போனார், நான் பார்க்கவில்லையே" என்று கேட்டார். இத்தனை வருஷமாக, ஒழுங்காகச் சரணடைந்த மனிதர் என்றுதான் நான் அவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் செய்தியைப் பார்த்த பிறகுதான் அவர் உயிரைப் பற்றியே கவலை வந்தது.

அடுத்து, வகுப்புக்காக நீ பார்த்த, மலாய் நடிகர் பி. ரம்லியின் படம். டிரைஷா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவரின் கதை, 1955, ரம்லி முதன்முதலாக இயக்கியது. "பாட்டு அதிகம், அழுகை அதிகம், நம் பாட்டி பார்க்கும் தமிழ்ப் படம்போல் இருக்கிறது" என்கிறாய். கண்டுபிடித்துவிட்டாய், ஆனால் அதைக் குறையாகச் சொல்கிறாய். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் அந்தக் காலத்து மலாய்ப் படங்களில் நிறைய எடுத்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள். அவர்களில் எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 1950இல் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக ஆக்கியவர் அவர்தான். அந்தப் பள்ளியில் வளர்ந்தவர் படத்தில் பாட்டியின் வாசனை அடிக்காமல் என்ன செய்யும்? உன் விரிவுரையாளரிடம் இதைச் சொல். மதிப்பெண் கிடைத்தாலும் கிடைக்கும்.

மற்ற ஆறு படங்களை நான் பார்க்கவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு பார்க்கும் எண்ணமும் இல்லை.

இனி ஜகத். இதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: "யாருக்கும் தெரியாத சின்னப் படம். உலகம் என்று பெயர் வைத்துவிட்டு ஒரு கம்பத்தை (கிராமத்தை) தாண்டவில்லை. அந்த அப்பா பாத்திரம் நம்பும்படி இல்லை. எந்த அப்பா பெற்ற பிள்ளையை இப்படி அடிப்பார்? இரண்டு நட்சத்திரம்."

பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். உலகம் இல்லை, பாப்பா. மலாயில் ஜாஹாட் என்பார்களே, கெட்டவன், பொல்லாதவன், அது. நம் பெரியவர்கள் வாயில் அந்த 'ஹா' நுழையாமல் 'க' ஆகிவிட்டது. "அவன் ஜகத்துப் பையன்" என்று என் பாட்டி என்னையே சொல்லியிருக்கிறாள். நீ சமஸ்கிருதம் வரைக்கும் போய்விட்டாய், தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வரவில்லை. சின்னப் படம் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கும் தெரியாத படம் இல்லை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் பேசாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்தார்கள். பெரிய சர்ச்சை கிளம்பியது. கடைசியில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை இந்தப் படம்தான் வாங்கியது. பேப்பரில் வந்ததை அம்மா கத்தரித்து வைத்தாள், எந்தப் பெட்டியில் என்றுதான் தெரியவில்லை.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று இடங்களில் எனக்கும் கொட்டாவி வந்தது. ஆனால் "எந்த அப்பா" என்று நீ கேட்டதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

முதலில் உன் தாத்தாவைச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்தில் மாதத்துக்கு ஒருமுறை படம் காட்டுவார்கள். திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். இயந்திரம் ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் வரை எல்லாரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம், அப்போதுதான் கச்சாங் பூத்தே (கடலை வகைகள்) விற்கிறவருக்கு வியாபாரம். துணிக்கு முன்பக்கம் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டாரும் பெரியவர்களும் இருப்பார்கள். பொடியன்கள் நாங்கள் பின்பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவார், பெண்களுக்கு முந்தானை மாறித் தொங்கும், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். கத்திச்சண்டை என்றால் இடக்கைதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

துணிக்கு அடியில் தலையை நீட்டினால் முன்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரியும். தாத்தா துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். தாயில்லாப் பிள்ளையைச் சிற்றன்னை அடிக்கிற காட்சி வந்துவிட்டால் போதும், அந்தத் துண்டை உருவிக் கண்ணைத் துடைப்பார். விசும்பும் சத்தம்கூடக் கேட்கும். அவர் அழுவதைப் பார்க்கத்தான் நான் அடிக்கடி தலையை நீட்டுவேன்.

அப்படிப் படம் பார்த்த ஒரு ராத்திரிக்கு மறுநாள், ரப்பர்ப் பால் மங்குகளைக் கழுவி வைக்காமல் ஆற்றுக்குப் போய்விட்டேன் என்று, வாளி தூக்கும் காண்டாக் கம்பாலேயே என்னை அடித்தார். முதுகில் ஒரு தழும்பு இருக்கிறதே, மரத்திலிருந்து விழுந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். மரத்திலிருந்து நான் விழுந்ததே இல்லை. தாத்தாவை நான் வெறுத்தேனா என்று கேட்காதே. அவர் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், மரம் மரமாகப் பால் வெட்டி, ஈரக் கால்சட்டையோடு திரும்பி வருகிறவர். அவரிடம் கோபப்படுவதற்குக்கூட எங்களுக்கு நேரம் அமையவில்லை. ஆனால் ஒன்று நினைத்துக்கொண்டேன். என் பிள்ளையை நான் தொட மாட்டேன் என்று.

தொட்டேன்.

2008, அண்ணனுக்கு யு.பி.எஸ்.ஆர். (ஆறாம் ஆண்டுப் பரீட்சை) ஆண்டு. தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தைக் காலி செய்து, நாம் பட்டண ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தோம். அங்கே மோட்டார் சைக்கிளில் சுற்றும் பெரிய பையன்கள் இருந்தார்கள். அண்ணன் அவர்களோடு நிற்கிறான், டியூஷன் பணத்தைக் கொண்டுபோய் அங்கே செலவழிக்கிறான் என்று ஒருவர் வந்து சொன்னார். கணக்குத் தாளை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததும் அன்றைக்கே அகப்பட்டது. காலண்டர் பக்கத்து ஆணியில் ரோத்தான் பிரம்பு தொங்கும். கடையில் வாங்கியது, அதுவரை பயமுறுத்த மட்டும்தான். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. அம்மா எண்ணியிருக்கிறாள். பதினொன்று.

அவனும் அந்தப் பையன்களைப்போல் ஆகிவிடுவான் என்ற பயம் என்று பிறகு அம்மாவிடம் சொன்னேன். பயமும் இருந்தது. ஆனால் ஆறாவது ஏழாவது அடியில் பயம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. அந்தக் கைக்கு அடிப்பது பழக்கமான வேலைபோல் வந்தது. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உனக்கு அப்போது நாலு வயது. அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே நடுவில் வந்து நின்றாள். உன் கால் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் பட்டுவிடும் என்று என் கை நின்றது. அதனால்தான் நின்றது, பாப்பா. அவன் அழுததால் நிற்கவில்லை.

ஏழு வருஷம் கழித்து, 2015 டிசம்பரில், பாலிடெக்னிக்கிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன், "நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு படம் வந்திருக்கிறதாம், போகலாம் அப்பா" என்றான். டிக்கெட் அவன் பணம். நாங்கள் இருவர் மட்டும் ஈப்போவுக்குப் போனோம். படம் ஆரம்பித்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. சென்னைப் பேச்சும் மதுரைப் பேச்சும் கேட்டே வளர்ந்த காதில், திரையில் நம் ஆட்கள் நம்மைப்போல் பேசுகிறார்கள். 1990களின் தொடக்கம், தோட்டம் கலைந்துபோன சனங்கள், படி படி என்று பிள்ளையை விரட்டும் அப்பா, பன்னிரண்டு வயதுப் பையன். பிறகு அந்த அப்பா கையை ஓங்கினார்.

பக்கத்தில் இருந்த அண்ணனுடைய தோள் உள்ளே இழுத்துக்கொண்டது. பத்தொன்பது வயது, என்னைவிடத் தலை உயரம் கூடியவன், திரையில் எவனோ எவனையோ அடிக்க ஓங்கியதற்கு அவன் தோள் சுருங்கியது. அவனுக்குத் தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படம் எப்படிப் போயிற்று என்று என்னைக் கேட்காதே. நான் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து தேநீர் குடித்தோம். "அந்தப் பையன் நன்றாக நடித்தான், அப்பா" என்றான். "ஆமாம்" என்றேன். சுங்கை சிப்புட் வரும் வரை அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஆணியைப் பார்த்தேன். காலண்டர் மட்டும்தான் இருந்தது. ரோத்தான் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். "அன்றைக்கு மறுநாள் காலையிலேயே பாகற்கொடிக்கு நட்டுவிட்டேன். அது மக்கி மண்ணாகிவிட்டது. இப்போதுதான் தேடுகிறீர்களா?" என்றாள். ஏழு வருஷமாக அந்தப் பாகற்காயைச் சாப்பிட்டிருக்கிறேன், கம்பைப் பார்த்ததில்லை.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உனக்குத் தெரிந்த அப்பா, அந்த ஆணியில் காலண்டர் மட்டும் தொங்கிய காலத்து அப்பா. நம்பும்படி இல்லை என்று உனக்குத் தோன்றியதில் எனக்கு ஒரு பக்கம் நிம்மதிகூட. இரண்டு நட்சத்திரத்தை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. மெதுவாகப் போகிறது என்றால் மெதுவாகத்தான் போகிறது.

அண்ணனிடம் நான் இதுவரை எதுவும் சொன்னதில்லை. தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து வருகிறான், அவன் மகனையும் கூட்டிக்கொண்டு. இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டுவதா, நானே வாய் திறக்கும் வரை பொறுப்பதா என்று உன்னிடமே விடுகிறேன். அம்மாவைக் கேட்டால் காட்டு என்பாள்.

அங்கே ஆறரைக்கே இருட்டிவிடுகிறது என்றாய், மாலை வகுப்பு முடிந்து தனியாக நடந்து வராதே. நூறு வெள்ளி உன் கணக்கில் போட்டிருக்கிறேன். டிக்கெட்டுக்கு இல்லை, சோற்றுக்கு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஊறுகாய்ப் புட்டியை மேல்பக்கம் பார்த்துத் திற. அம்மா எண்ணெயை வழியும் வரை ஊற்றியிருக்கிறாள்.