மாடி அறை மாலை வகுப்புக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் பெண்பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு இந்த ஆண்டு நடந்து முடிந்திருக்கிறது. "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒற்றை வரியில் முடித்தால் யார் என்ன செய்தார்கள் என்பது மறந்துபோகும். இன்னொரு பகுதியில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் அந்த வரியால் பயன் இல்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி அம்மாக்களுக்கு. பள்ளி விட்டதும் வகுப்பு என்று நேரம் குறித்தால் ஒரு பிள்ளையும் வராது, அது குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று சொன்னவர்கள் நீங்கள். "குடம் ரொம்புன பிறகு வைங்க, நாங்களே அனுப்புறோம்" என்றீர்கள், சொன்னபடி அனுப்பினீர்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இந்த வயதுப் பெண்கள் தலையில்தான். அறையின் ஓரத்தில் பாய் விரித்து அந்தச் சின்னதுகளைச் சமாளித்த பாட்டி இல்லாவிட்டால் வகுப்பில் பாதி இடம் காலியாக இருந்திருக்கும்.

மாடி அறையைக் கொடுத்த அக்காவுக்கும் தச்சர் அண்ணனுக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். ஜன்னல் தெருவைப் பார்த்திருப்பதால், கீழிருந்தே அண்ணாந்து பார்த்துப் பிள்ளை உள்ளே இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள முடிகிறது. அப்பாக்கள் சம்மதித்ததற்கு அந்த ஜன்னலும் ஒரு காரணம். தச்சர் அண்ணன் கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார், பை மாட்ட ஓர் ஆணி அடித்தார், மூடியுள்ள குப்பைக்கூடை வைத்தார். மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று கூட்டம் போட்டுப் பேசுவதைவிட, அந்தத் தாழ்ப்பாள் அதிகம் சாதித்தது.

தையல்கார அக்காவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். துணி நாப்கின் தைப்பது எளிது என்று பலரும் சொல்வார்கள். ஒரு முறை துவைத்த பிறகுதான் குறை தெரியும். வெட்டுவதற்கு முன்பே பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் உள்துணி ஒரு பக்கம், மேல்துணி ஒரு பக்கம் சுருங்கி நாப்கின் வளைந்துகொள்ளும். நீளம் 25 செ.மீ., நடுவில் அகலம் 7 செ.மீ. மேலே மெல்லிய பருத்தி, அடியில் தண்ணீர் புகாத துணி, பக்கச் சிறகுகளுக்கு பிரஸ் பட்டன். உறிஞ்சும் துணியை அடுக்கடுக்காக நடுவில் தைத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. ஊசி போன ஒவ்வொரு துளை வழியாகவும் கசியும். தடிமனான அடுக்கு சீக்கிரம் காயவும் செய்யாது. அக்கா அதைத் தனித் துணியாக மடித்துச் செருகும்படி மாற்றினார். பிரித்துப் போட்டால் மழைநாளிலும் காய்ந்துவிடுகிறது, வெளியே கொடியில் தொங்கினால் கைக்குட்டை மாதிரிதான் தெரியும். கூச்சத்தால் மற்றத் துணிக்கு அடியில் மறைத்து ஈரத்தோடு எடுத்துக் கட்டும் பழக்கம் இதனால் குறைந்தது. முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும், வாசனைக்காகப் போடும் துணிக் கண்டிஷனர் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தந்தவை.

வாரந்தோறும் தன் விடுமுறை நாளில் வந்த செவிலியர் அக்கா, விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பதை எங்களில் சிலருக்கும் பழக்கினார். கையைச் சூடாக்கி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லையென்று பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். இல்லாத ரத்தசோகையை இருப்பதாக எழுதிவிடுவோம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார், ஏனென்றால் வாரந்தோறும் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரை ரத்தசோகையைத் தடுப்பதற்குத்தான், சிகிச்சைக்குப் போதாது. மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: வாரம் ஒரு முறை 60 மி.கி. இரும்புச்சத்து, 2.8 மி.கி. ஃபோலிக் அமிலம். முதல் மாத்திரையிலேயே சிலருக்கு வயிறு பிரட்டலாம், மலம் கறுக்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பல இடங்களில் மாத்திரை குப்பைக்குப் போகிறது. இங்கே சாப்பிட்ட பிறகு, எல்லோரும் ஒன்றாக, கிழமை மாறாமல் விழுங்கினார்கள். அதையொட்டித் தேநீர் குடிக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

பிள்ளைகள் வரைந்த பகுதி வரைபடத்துக்கு மதிப்புக் கொடுத்த அலுவலக எழுத்தருக்கு நன்றி. சந்து, குழாய், பொதுக்கழிப்பறை, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் குறித்து, பயமான இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார்கள். பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு பெரியவர்கள் துணையோடு ஒரு முறை. இரண்டும் வேறு வேறு படமாக வந்தன. சில சிவப்புப் புள்ளிகளுக்குப் புது விளக்கே தேவைப்படவில்லை, கம்பத்தை மூடிய கிளையை வெட்டினால் போதுமாக இருந்தது. இவற்றைச் சரிசெய்யக் கேட்டு மனு எழுதியபோது, "ஒரு மனுவுல ஒரு கோரிக்கைதான் எழுதணும்மா, கம்பத்து நம்பரைப் போடுங்க, தேதி முத்திரை வெச்ச நகலை வாங்காம போகாதீங்க" என்று அவர் சொன்னது, பயிற்சி முகாம்களில் கிடைக்காத பாடம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் கையெழுத்து மட்டும் இருந்தால் மனு ஓரம் போய்விடும் என்பதால் அம்மாக்களும் கையெழுத்திட்டார்கள். அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டவில்லை. பெண்கள் எங்கே தனியாக நடக்கிறார்கள் என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

இரவில் தட்டினால் கதவைத் திறப்போம் என்று பெயர் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும், வகுப்பு விடும்வரை வாசல் விளக்கை அணைக்காத கடைக்காரருக்கும் நன்றி. ஒருநாள் தற்காப்புப் பயிற்சியைவிட எங்களுக்கு இது பெரிது.

சான்றிதழ்களைச் சரிபார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நன்றி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொரு எழுத்து என்று இருந்தால் தேர்வு, உதவித்தொகை, வங்கிக் கணக்கு மூன்றிலும் முட்டும். மூல ஆவணமான பிறப்புச் சான்றிதழை முதலில் திருத்திவிட்டு மற்றதைத் தொட வேண்டும் என்ற வரிசையை அவர்தான் பிடிக்கவைத்தார். வயதை நிரூபிக்கும் அந்தத் தாள் கையில் இருந்தால், பதினெட்டுக்கு முன் கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம் வாதாடுவதும் சுலபம்.

கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பிக்கும் நன்றி. படத்தை மாற்றி மிரட்டுபவன் வந்தால் பணம் கொடுக்காதே, செய்தியை அழிக்காதே, அனுப்பியவனின் கணக்கு முகவரியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான பெரியவரிடம் காட்டு, பிறகு புகார் கொடு என்று சொல்லித்தந்தவர் அவர். பயத்தில் பிள்ளைகள் முதலில் செய்வது அழிப்பதுதான், அதோடு ஆதாரமும் போய்விடுகிறது.

பொருள் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு படம் எடுக்க வேண்டும் என்று கேட்காத நன்கொடையாளர்களுக்குத் தனி நன்றி. கேட்டவர்களுக்கும் கோபமில்லாமல் ஒரு வார்த்தை: எந்தப் பகுதி, எந்த அறை, எந்த நேரம் என்பது அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

நாப்கின் துணியை அளவாக வெட்ட உதவும் காகித மாதிரி (பேப்பர் கட்டிங்) மாடி அறையில் கூடுதலாக இருக்கிறது. வேறு பகுதிகளில் வகுப்பு தொடங்குகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். தையல்கார அக்கா நேரில் வந்து வெட்டிக் காட்டவும் சம்மதித்திருக்கிறார்.

நன்றியுடன்,
மாலை வகுப்புக் குழுவினர்